விழுப்புரம் ஜூஸ் கடையில் ஐஸ் நின்ற வாரம்

“நான் அந்த ஃப்ரிட்ஜு பக்கமே போவலீங்க மாப்ள,” என்றார் பெரியசாமி.

அவரை யாரும் கேட்கவில்லை. மருமகன் தேவா ஃப்ரிட்ஜின் மேல்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, காலியாகக் கிடந்த ஐஸ் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். “ஒங்கள யாரு மாமா சொன்னா? நீங்க டீ குடிங்க,” என்றான்.

விழுப்புரத்தில் வீட்டின் முன்னறையையே ஜூஸ் கடையாக்கி வைத்திருந்தான் தேவா. ஃப்ரிட்ஜ் அடுப்படியில் இருந்தது. ஆரோவில்லில் வீட்டைக் காலி செய்துகொண்டு போன ஒரு வெள்ளைக்காரர் விற்றது அது. தெருக்கோடி மெக்கானிக் ஜெகதீசன்தான் பேசி வாங்கிக்கொடுத்து, தண்ணீர் இணைப்பும் கொடுத்தார். உள்ளே தானாகவே ஐஸ் உறையும். உறைந்ததும் கடகடவென்று தட்டில் கொட்டும். தட்டு நிறைந்தால் ஐஸ் குவியல் ஒரு கம்பியை மேலே தள்ளிவிடும். கம்பி மேலே நின்றால் மெஷின் ஓயும், கீழே இறங்கினால் மறுபடி ஓடும். கடை ஓட்டத்தில் தேவா இதைக் கவனித்ததில்லை. பேத்தியோடு அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்த பெரியசாமி இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டார்.

அவர் திண்டிவனத்துக்காரர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. நாற்பது வருஷம் மல்லாட்டை மண்டியில் நிலக்கடலை மூட்டை தூக்கினார். மூட்டை பிரிந்து கொட்டினால், “என் முதுவுல பிரிஞ்சது” என்று தூக்கியவனே முதலில் குரல் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வருகிறவன் தலையில் விழும். அந்த விஷயத்தில் பெரியசாமியை மண்டியில் ஒருத்தரும் குறை சொன்னதில்லை.

மகள் அன்புச்செல்விக்கு இது முதல் பிள்ளை. மூன்றாம் மாதம் தாயையும் பிள்ளையையும் மருமகன் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு, அன்று சாயங்காலமே பஸ் ஏறுவதாகத்தான் இருந்தார். பெண் கொடுத்த இடத்தில் நாள் கணக்காய்ச் சாப்பிடுவது அவருக்குக் கூச்சம். ஆனால் பேத்தி அவரைப் பார்த்தால் மட்டும் வாயைக் கோணிக்கொண்டு சிரித்தாள். பொக்கை வாய்க்குப் பொக்கை வாய். பஸ் தள்ளிக்கொண்டே போனது.

ஐஸ் கொட்டும்போதெல்லாம் பிள்ளை இரண்டு கையையும் விரித்துப் பதறி எழுந்தது. ஒரு மத்தியானம், மகள் குளிக்கப் போன நேரம் பார்த்துக் கம்பியை மேலே தூக்கிவிட்டார். ஒரு தூக்கம் தூங்கட்டும், அப்புறம் இறக்கிக்கொள்ளலாம் என்றுதான். பேத்தி மூன்று மணி நேரம் தூங்கினாள். அந்தப் பூரிப்பில் கம்பி மறந்தே போனது.

மறுநாள் காலைதான் தேவா காலித் தட்டைப் பார்த்தது. சித்திரை வெயில் வேறு. மருமகன் பொருளைத் தொட்டுக் கெடுத்தவன் என்று பேர் வாங்கப் பயந்து, ஜெகதீசன் வருவதற்குள் கம்பியைச் சத்தமில்லாமல் இறக்கிவிட்டார். ஜெகதீசன், தண்ணீர்க் குழாயில் பனி அடைத்திருக்கும் என்று வெந்நீர் ஊற்றி, வடிகட்டியைக் கழுவி மாட்டினார். சாயங்காலம் ஐஸ் கொட்டியது. “நாம கை வச்சா சும்மாவா?” என்று சிரித்தார். பெரியசாமியும் சிரித்துவைத்தார்.

கொட்டிய சத்தத்தில் பேத்தி வீறிட்டாள். இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள் மறுபடி தூக்கினார். இந்த முறை இறக்க நேரம் வாய்க்கவில்லை. மகள் அடுப்படியை விட்டு நகரவில்லை.

அன்று சாயங்காலம் தேவா, தெருவில் போன ஜெகதீசனைக் கடை வாசலிலேயே மறித்தான். ஜூஸுக்கு ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள்.

“ஓட்ட மெஷின என் தலைல கட்டிட்டியேண்ணா. ஒரு நாள் ஓடுது, ஒரு நாள் படுத்துக்கினுது. ஏமாத்தறதுக்கு ஒனக்கு நான்தான் கெடச்சனா?”

“அளந்து பேசு தேவா. என் பொழப்பே இந்தத் தெருவுலதான்.”

“தெரிஞ்சிக்கட்டும், நாலு பேரு தெரிஞ்சிக்கட்டும்.”

வீட்டு மோட்டாரைப் பார்க்க ஜெகதீசனைக் கூப்பிட வந்திருந்த எதிர்வீட்டு சீனுவாசன், “அப்புறமா சொல்றேன்” என்று நழுவினார். உள்ளே பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டிருந்த பெரியசாமி அத்தனையும் கேட்டார். ராத்திரி சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார்.

“இன்னாப்பா, வெயிலு ஒத்துக்கலியா?” என்றாள் மகள்.

“ஆமாம்மா.” அது இன்னொரு பொய்.

மறுநாள் காலை ஜெகதீசன் பையோடு வந்தார். “பாத்துட்டு, சரியாவலன்னா நானே தூக்கிக்கினு போயிடறேன்,” என்று மேல்கதவைத் திறந்தார். கை அப்படியே நின்றது.

“தட்டு காலி, கம்பி மேல நிக்குது. யாரோ தூக்கி வுட்டிருக்காங்க.”

தேவா மனைவியைத் திரும்பிப் பார்த்தான். “நீயா?”

“நாந்தான் மாப்ள,” என்றார் பெரியசாமி. “ரெண்டு தபாவும் நாந்தான். கொழந்த பதறுதேன்னு செஞ்சேன்.”

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். “சரி வுடுங்க மாமா,” என்று தேவா கம்பியை இறக்கினான். “மனசுல வச்சிக்காதண்ணா,” என்று ஜெகதீசனிடம் தாழ்ந்த குரலில் சொன்னான். ஜெகதீசன் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நேற்று ஏசியது நடுத்தெருவில். இன்று சமாதானம் அடுப்படியில்.

பெரியசாமி செருப்புகூடப் போடாமல் பின்னாலேயே ஓடினார். எதிரே சீனுவாசன் பல் துலக்கிக்கொண்டிருந்தார். கடை வாசலில் நேற்று பார்த்த முகங்கள் சில. ஜெகதீசனின் கையைப் பிடித்து நிறுத்தி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

“நேத்து இவர ஏமாத்துக்காரருன்னு காதுல வாங்கனவங்க, இதையும் வாங்கிக்கினு போங்க. மெஷினும் நல்லா இருக்குது, ஆளும் நல்ல ஆளு. கம்பிய தூக்கி வுட்டுட்டு வாய மூடிக்கினு கெடந்தது நானு, திண்டிவனம் பெரியசாமி. இந்த வூட்டுக்குப் பொண்ணு குடுத்தவன்.”