அந்த எஞ்சின் நம்முடையது அல்ல

இந்த நினைவு மலரைப் பிரித்துப் படிக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. நல்லதை மட்டும் எழுதும்படி அண்ணி சொல்லியிருக்கிறார். அண்ணன் விஷயத்தில் அது அவ்வளவு சுலபமில்லை.

படப்பையை ஒட்டிய சிற்றூரில், விவசாயக் குடும்பத்தின் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர் அண்ணன். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் ஐடிஐ முடித்த கையோடு வேலைக்குப் போனார். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் தொழிற்சாலைகள் வந்தபோது எஞ்சின் பரிசோதனைப் பிரிவில் சேர்ந்தார். ஓ.டி. பார்த்து என்னைப் படிக்க வைத்தார். எனக்கு ஆசிரியை வேலை கிடைத்த அன்று நியமனக் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "இனிஷியல் தப்பா கீதும்மா, மாத்தி வாங்கினு வா" என்றார். வாழ்த்து மறுநாள்தான் வந்தது.

ஓய்வு பெற்றதும், தண்டலம் அருகே பழைய இரும்புக் கடையில் கிடந்த ஒரு வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி வந்தார். இரண்டே இருக்கை, அறுபது வருடப் பழசு. அது வாசலை அடைத்துக்கொண்டது. அண்ணி தண்ணீர்க் குடத்தோடு பக்கவாட்டில் ஒடுங்கி ஒடுங்கி நடந்தார். இரண்டு வருடம் அதைப் பிரித்துப் பூட்டிய பிறகு, மறுபதிவுக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மனுக் கொடுத்தார். ஆர்.சி. புத்தகத்தில் இருந்த எஞ்சின் எண்ணும், எஞ்சின் மேல் ரிவெட் அடித்திருந்த தகட்டின் எண்ணும் ஒன்றாகவே இருந்தன. குடும்பமே நிம்மதி அடைந்தது.

அண்ணன் அடையவில்லை.

"வண்டி அவ்ளோ பழசு. ரிவெட் மட்டும் எப்படிப் புச்சா கீது?" என்று தகட்டைக் கழற்றினார். எஞ்சின் பிளாக்கின் ஓரத்தில் அப்பியிருந்த பெயின்ட்டைக் கரைத்து, சாக்பீஸ் தூளைத் தேய்த்தார். இரும்பில் அடித்திருந்த அசல் எண் வெள்ளையாகத் தெரிந்தது. வேறு எண்!

"தகட்ட மறுபடி மாட்டிடுங்க. யாரு பாக்கப் போறாங்க?" என்றார் அண்ணி.

"நான் பாத்துட்டனே."

மறுநாள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய், அந்த எஞ்சின் இந்த வண்டியுடையது அல்ல என்று அவரே சொல்லிவிட்டு வந்தார். மனு அங்கேயே நின்றது. "பொருந்துன நம்பர நீயே போய் பொருந்தலன்னு சொல்லுவியாண்ணா?" என்று கத்தினேன்.

"அது யாரோ ஒருத்தரோட எஞ்சின்மா" என்றார்.

எண்ணைப் படம் எடுத்து, பழைய கார் வைத்திருப்பவர்களுக்கெல்லாம் அனுப்பினார். பல மாதங்கள் கழித்துக் கோயம்புத்தூரிலிருந்து ஓர் அம்மையார் அழைத்தார். அவருடைய தந்தையின் ஆர்.சி. புத்தகத்தில் அதே எண் இருந்தது. அவர்கள் காரில் பூட்டியிருந்த எஞ்சினோ அண்ணன் காருடையதும் அல்ல, வேறு யாருடையதோ. எப்போதோ பட்டறையில் விட்ட காரைத் திரும்ப எடுத்ததிலிருந்து, இது என் எஞ்சின் இல்லை என்று இறக்கும்வரை சொன்னாராம் அந்தத் தந்தை. "அப்பாவுக்குப் புத்தி பேதலிச்சுருச்சுன்னு நாங்களே பேசினமுங்க" என்று அழுதார் அவர்.

அடுத்த வாரமே அந்த எஞ்சினை டெம்போவில் ஏற்றி அனுப்பிவிட்டார் அண்ணன். கைம்மாறாக எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. இரண்டு மாதம் நான் அவரோடு பேசவில்லை. நெஞ்சுவலி தொடங்கியது அந்த நாட்களில்தான். என்னிடம் சொல்லவேண்டாம் என்று அண்ணியைத் தடுத்திருக்கிறார்.

மருத்துவமனையில் அவர் இருந்தபோது அந்த அம்மையார் போன் செய்தார். எஞ்சினைப் பூட்டி முதன்முதலாக ஓடவிட்டிருந்தார்கள். போனை அண்ணன் காதில் வைத்தோம். கண்ணை மூடிக் கேட்டார். ஏதாவது நல்ல வார்த்தை சொல்வார் என்று அண்ணியும் நானும் காத்திருந்தோம்.

"ஒரு சிலிண்டர் சரியா எரியல. வால்வு பாக்கச் சொல்லு" என்றார்.

மறுநாள் காலை எங்களைப் பிரிந்தார்.

எஞ்சினைத் தூக்கி ஏற்றிய ஷிப்ட் நண்பர்களுக்கும், கடைசி நாட்களில் அவர் சொன்ன திருத்தங்களையெல்லாம் பொறுத்துக்கொண்ட செவிலியருக்கும், அத்தனை தூரம் வந்து காரியத்தில் கலந்துகொண்ட கோயம்புத்தூர் அம்மையாருக்கும் எங்கள் நன்றி. வால்வு கருகித்தான் இருந்ததாம்.

அண்ணனின் கார் எஞ்சின் இல்லாமல் இன்னும் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. எடைக்குப் போட அண்ணி சம்மதிக்கவில்லை. அதன் சொந்த எஞ்சினை எங்கேனும் கண்டால் எனக்குச் சொல்லுங்கள். எண் எனக்கு மனப்பாடம். ஒரே ஒரு வேண்டுகோள்: தகட்டை நம்பிக் கூப்பிடாதீர்கள். பெயின்ட்டைச் சுரண்டிப் பார்த்துவிட்டுக் கூப்பிடுங்கள்.

அன்புடன்,
தங்கை