போத்தோங் வாங்கப் போன ஊர்

எங்கள் அலுவலகத்து வாட்சாப் குழுவில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இந்தக் கேள்வி வந்துவிடும். இந்தச் சனிக்கிழமை எந்தச் சின்ன ஊருக்குப் போய்ச் சாப்பிடலாம்? உடனே ஆளுக்கொரு ஊராகப் போட்டுத் தாக்குவார்கள். ஒருவர் தம்பின் என்பார், இன்னொருவர் பகாவ் என்பார். பழைய கடைவீதி அழகாக இருக்கும், படம் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒருத்தி வக்காலத்து வாங்குவாள். நான் வாயைத் திறப்பதில்லை. எந்த ஊர் ஜெயிக்கிறதோ அதற்கு ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டு இருந்துவிடுவேன். ஊரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை ஏழு வயதில் ஒருமுறை என் தலையில் கட்டினார்கள். அதுவே இந்த ஜென்மத்துக்குப் போதும்.

அப்போது நாங்கள் லாபு பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருந்தோம். அப்பா அங்கே லோரி ஓட்டினார். பனங்குலைகளை ஏற்றிக்கொண்டு எண்ணெய் ஆலைக்குப் போய்க் கொட்டிவிட்டு வருவார். வீடு தோட்டம் கொடுத்தது. வேலை உள்ளவரைதான் வீடு. அம்மா நீலாயில் ஒரு தொழிற்சாலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போய் வருவார். அக்கா இடைநிலைப்பள்ளியில் படித்தாள். நான் தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் ஆண்டு.

அப்பாவுக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி. வலது காலில் முள் குத்தியது அவருக்கே தெரியவில்லை. சாயங்காலம் சப்பாத்தைக் கழற்றியபோது ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். அந்தப் புண் ஆறவில்லை. பெருவிரல் கறுத்து, கறுப்பு மெல்ல மேலே ஏறியது. பாதத்தை எடுத்துவிட வேண்டும், திங்கட்கிழமை வந்து படுத்துவிடுங்கள் என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அன்று என் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல். அம்மா சமையல்கட்டில் நின்றுகொண்டு மாமாவிடம் போனில் பேசினார்.

"திங்கக்கிழம போத்தோங்னு சொல்லிட்டாங்கண்ணே."

மலாயில் போத்தோங் என்றால் வெட்டுவது. அதைத் தமிழில் சொல்ல அம்மாவுக்கு நா வரவில்லை போலும். ஆனால் எனக்குத் தெரிந்த போத்தோங் ஒன்றுதான். சதுரக் கட்டியாக வெட்டி, குச்சி செருகி, மோட்டாரில் மணியடித்துக்கொண்டு வந்து விற்பார்களே, அந்த ஐஸ்கிரீம். இனிப்பே தொடக்கூடாது என்று அப்பாவை இத்தனை நாளாய் வதைத்த ஆஸ்பத்திரி, கடைசியில் மனமிரங்கி ஒரு போத்தோங் கொடுக்கப் போகிறது என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு ஒரே சந்தோஷம்.

வீட்டில் வேறு யாருக்கும் சந்தோஷம் இல்லை. இரண்டு நாளாக அப்பாவும் அம்மாவும் சண்டை.

"காலு போனா லோரி போச்சு. லோரி போனா வீடு போச்சு. பிள்ளைங்கள எங்க கொண்டுபோயி வச்சிக்குவ?"

"நீங்க இருந்தா போதும். நான் எங்கயாச்சும் வச்சிக்கிறேன்."

கடைசியில் அப்பா ஒரு நிபந்தனை போட்டார். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஒரு ஊருக்குப் போய் வயிறாரச் சாப்பிட வேண்டும். மாமாவின் காரை வாங்கிக்கொள்வோம், நானே ஓட்டுவேன். மறுநாள் நீ சொன்ன இடத்துக்கு வருகிறேன். அம்மா சரி என்றார். அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக அந்த நேரத்தில் எதற்கும் சரி என்றிருப்பார்.

எந்த ஊர் என்று பேச்சு வந்தது. அக்கா போர்ட்டிக்சன் என்றாள், கடலைப் பார்க்கலாமாம். அம்மா பக்கத்து ஊரான ராசாவிலேயே நல்ல சாப்பாட்டுக் கடை இருக்கிறதே, தூரம் எதற்கு என்றார். அப்பா என் பக்கம் திரும்பினார். என்னை ஆயி என்றுதான் கூப்பிடுவார்.

"சின்னது சொல்லட்டும் லா. எங்க போலாம் ஆயி?"

"கோலா பிலா."

"அங்க என்னா இருக்கு?"

"போன வருசம் கல்யாணத்துக்குப் போனப்ப போத்தோங் வித்தாங்களே. உங்களுக்குத் திங்கக்கிழமதானே போத்தோங் குடுப்பாங்க. நம்ம மொதல்லயே வாங்கிச் சாப்பிட்டுருவோம்."

அக்கா என் தொடையைத் திருகினாள். அம்மா எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிட்டார். அப்பா மட்டும் சிரித்தார். சிரித்து முடிக்க வெகுநேரம் பிடித்தது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பிலாவே போவோம்" என்றார்.

புக்கிட் புத்துஸ் மலையைத் தாண்டித்தான் போக வேண்டும். புதுப்பாதை நேராக இருந்தும் அப்பா பழைய வளைவுப் பாதையில் காரை விட்டார். அம்மா கேட்டதற்கு, லோரி ஓட்டுகிறவனுக்கு வளைவைப் பற்றிச் சொல்லித் தருகிறாயா என்றார். நான் பின்னால் இரண்டு இருக்கைக்கும் நடுவே தலையை நீட்டிக்கொண்டு நின்றேன். அப்பா அடிக்கொரு தரம் குனிந்து தம் காலைப் பார்த்தார். பிரேக்கின் மேல் கால் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்தால்தான் அவருக்குத் தெரியும். அதையும் நான் அப்போது அறியவில்லை.

இறக்கத்தில் முன்னால் ஒரு மரலோரி நின்றது. அப்பா குனிந்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். கார் குலுங்கி நின்றபோது மரக்கட்டைகளின் நுனி கண்ணாடிக்கு ஒரு முழத்தில் இருந்தது. அப்பாவின் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

பிலா அழகான ஊர். மாடியில் மரச்சன்னல் வைத்த பழைய கடைகள் வரிசையாக நிற்கும். முதலில், தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் 'மாமாக்' கடை ஒன்றில் பரோட்டா போன்ற ரொட்டி சானாய். கடைக்காரர் ராமநாதபுரம் பக்கத்துக்காரர்.

"என்னாண்ணே, கால்ல இவ்ளோ பெரிய கட்டு?"

"சப்பாத்து கடிச்சிருச்சி தம்பி. தே தாரிக்ல சீனி கூடப் போடு."

அம்மா அன்று ஒரு நாள் மறுப்புச் சொல்வதில்லை என்று முடிவு பண்ணியிருந்தார். அடுத்து ஒரு மலாய்க் கடையில் சோறும், சிலி பாடி மிளகாய் போட்ட மஞ்சள் குழம்பும். அப்பா இரண்டு தட்டு சாப்பிட்டார். கண்ணில் நீர் வழிய, உறைப்பு என்றார். பிறகு ஐஸும் தேங்காய்ப்பாலும் விட்ட செண்டோல். கிண்ணத்தைத் தூக்கிக் கடைசிச் சொட்டு வெல்லப்பாகையும் குடித்தார். இவ்வளவு சாப்பிடுகிற அப்பாவை நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது, ஊரைத் தேர்ந்தெடுத்தவள் நான் அல்லவா.

போத்தோங் விற்கும் சீனத் தாத்தா பஸ் நிலையத்தருகே இருந்தார். அப்பா எல்லாருக்கும் வாங்கினார். அம்மா வேண்டாம் என்றுவிட்டார். கடை நிழலில் ஒரு பலகையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அப்பா குச்சியை நக்கி முடித்ததும் நான் கேட்டேன்.

"போத்தோங் சாப்பிட்டாச்சில்லப்பா? அப்ப திங்கக்கிழம போக வேணாந்தானே?"

அப்பா அம்மாவைப் பார்த்தார்.

"கேட்டியா? பிள்ளையே சொல்லிருச்சி."

"வெளயாடாதீங்க" என்றார் அம்மா. தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதார். தமக்குப் போத்தோங் இல்லையே என்றுதான் அழுகிறார் என்று நினைத்து, என்னுடையதில் மிச்சமிருந்ததை அவர் கையில் திணித்தேன். அவர் அதைத் தின்னவும் இல்லை, கீழே போடவும் இல்லை. அது உருகி முழங்கைவரை வழிந்தது.

திங்கட்கிழமை காலையில் அம்மா பையைக் கட்டி வைத்திருந்தார். அப்பா வாசலில் நின்று போனில் மலாயில் என்னவோ பேசிவிட்டு உள்ளே வந்தார்.

"கட்டில் காலி இல்லையாம். காலியானதும் அவங்களே கூப்பிடுறாங்களாம்."

அம்மா நம்பினார். பெரியாஸ்பத்திரியில் கட்டில் கிடைக்காமல் காத்திருப்பது யாருக்கும் புதிதில்லை. பையைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டு வேலைக்குப் போனார். அம்மாவின் முதுகுக்குப் பின்னால் அப்பா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நாங்கள் முன்கூட்டியே சாப்பிட்டுவிட்டதால்தான் ஆஸ்பத்திரி விட்டுவிட்டது என்று நான் புரிந்துகொண்டேன். தினமும் வேலை முடிந்து வந்ததும் அம்மா கேட்பார், கூப்பிட்டார்களா என்று. இன்னும் இல்லை என்பார் அப்பா.

பள்ளி விடுமுறை. வியாழக்கிழமை அக்கா தோழி வீட்டுக்குப் போயிருந்தாள், அப்பாவும் நானும் மட்டும் வீட்டில் இருந்தோம். அவர் காலை நீட்டிப் படுத்திருந்தார். வீட்டில் ஒரு கெட்ட வாடை அடித்தது. போன் அடித்தது. எண்ணைப் பார்த்தவர் அதை என்னிடம் நீட்டி, "அப்பா இல்லன்னு சொல்லு ஆயி" என்றார். ஒரு பெண் மலாயில் பேசினாள். அப்பா இருக்கிறாரா என்றாள். இல்லை என்றேன். அம்மா? இல்லை. திங்கட்கிழமையே வந்திருக்க வேண்டும், டாக்டர் காத்திருக்கிறார், உடனே வரச் சொல், தாமதித்தால் ஆபத்து என்று நிதானமாக, சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். நான் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றேன். என் மலாய் அன்று பிசகவே இல்லை. அப்பா போனை வாங்கி அணைத்துவிட்டு என் தலையைத் தடவினார்.

"அம்மாகிட்ட சொல்ல வேணாம்."

"சரிப்பா."

ஞாயிறு விடியலில் அவருக்குக் குளிர்க்காய்ச்சல் கண்டது. பேச்சு குழறியது. ஆம்புலன்ஸ் வந்தது. விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். முழங்காலுக்கு மேலே எடுத்தும் பார்த்தார்கள். செவ்வாய்க்கிழமை அப்பா இறந்துபோனார். எந்த வீட்டைக் காப்பாற்றக் காலைக் கொடுக்க மாட்டேன் என்றாரோ, அந்த வீட்டையும் இரண்டு மாதத்தில் காலி செய்தோம்.

அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். ஏன் அன்றைக்கே சேர்க்கவில்லை என்று மாமா அம்மாவைக் கேட்டார். அவர் கோபமாகத்தான் கேட்டார். அம்மா அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"கூப்பிடுறேன்னு சொன்னாங்கண்ணே. நான் தெனமும் கேட்டேன். கூப்பிடவே இல்லண்ணே. ஒரு தடவ கூப்பிட்டிருந்தா நான் இழுத்துக்கிட்டாச்சும் போயிருப்பேன்."

கூடியிருந்தவர்கள் ஆஸ்பத்திரியைத் திட்டினார்கள். நான் அப்பாவின் தலைமாட்டில், அக்காவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அம்மா சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லி நெஞ்சில் அடித்துக்கொண்டார். நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். சொன்ன வாக்கைக் காப்பாற்றுகிறேன் என்று அப்பாவுக்குத் தெரிய வேண்டுமே என்று, யாரும் பார்க்காதபோது குனிந்து அவர் காதில் சொன்னேன், "நான் சொல்லலப்பா."