அத்தை சொன்ன நிறம்

அம்மா படுத்த படுக்கையான வருடம் நான் நான்காம் வகுப்பில் இருந்தேன். அதற்கு முன்பெல்லாம் எங்கள் தெருவிலிருந்து காலை ரயிலைப் பிடிக்க ஓட்டமும் நடையுமாகப் போகும் ஒரே பெண் அம்மாதான். இரண்டு ஸ்டேஷன் தள்ளி ஓர் ஊரில் டெலிபோன் ஆபீசில் வேலை. காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு, வாய்க்கு நேரே நீட்டிக்கொண்டிருக்கும் குழலில் பேசி, ஒருவர் கேட்கும் நம்பரை இன்னொருவரோடு இணைத்துவிட வேண்டும். திருத்தணியில் எங்கள் வீட்டுக்கு டெலிபோன்காரம்மா வீடு என்றுதான் பெயர். அப்பாவை நான் நைனா என்பேன்; அவர் மார்க்கெட் பக்கம் தையல் கடை வைத்திருந்தும் தையல்காரர் வீடு என்று ஒருவரும் சொன்னதில்லை. அதில் நைனாவுக்கு வருத்தமா பெருமையா என்பது கடைசிவரை எனக்குத் தெரியாது.

மழைக்காலத்தில் தொடங்கிய இருமல் பொங்கலாகியும் நிற்கவில்லை. ஒருநாள் கைக்குட்டையில் ரத்தம் வந்தது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து டி.பி. என்றார்கள். விடாமல் ஊசி போட்டு மாத்திரை சாப்பிட்டால் குணமாகிவிடும், ஆனால் வருடக்கணக்கில் ஆகும் என்றார் டாக்டர். இதில் முதல் பாதியை ஊரில் யாரும் நம்பவில்லை. அம்மாவுக்குப் பின்கட்டு அறை, தனித் தட்டு, தனி டம்ளர் என்று ஆயிற்று. எனக்கு அந்த அறை வாசல்படிவரைதான் அனுமதி.

வீட்டைப் பார்த்துக்கொள்ள அம்மையார்குப்பத்திலிருந்து அத்தை வந்தார். நைனாவின் அக்கா. பூர்வீக வீட்டில் தனியாக இருந்துகொண்டு தறி நெய்துகொண்டிருந்தவர். பாதி நெய்த சேலை தறியில் அப்படியே நிற்க, ஒரு பையோடு பஸ் ஏறி வந்துவிட்டார். வந்த அன்றே அடுப்பு, கிணற்றடி, நைனா, நான் எல்லாம் அவர் கட்டுப்பாட்டுக்குள் போய்விட்டோம். அம்மா வேலையை விட்டுவிட வேண்டும் என்று முதலில் சொன்னவரும் அவர்தான்.

"ஒடம்பு இருந்தாதான்டா வேல. இந்தப் பொண்ணு படுத்துகினே ஆபீச நெனச்சிகினு கீது. அதனாலதான் சோறு எறங்கல. ராஜினாமா பண்ணிட்டு நிம்மதியா கெடக்கட்டும்" என்பார் நைனாவிடம்.

ராஜினாமா என்றால் என்ன என்று அத்தையிடம் கேட்டேன். "எல்லாத்தயும் எழுதிக் குடுத்துட்டுப் போயிடறது" என்றார். எதிர்வீட்டுக் கிழவர் நிலத்தை மகன்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த வாரமே போய்ச் சேர்ந்திருந்தார். அதனால் அந்த வார்த்தை எங்கள் வீட்டில் புழங்கத் தொடங்கியதிலிருந்து, பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிவந்து வாசல்படியில் நின்று, அம்மா போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் பையைக் கழற்றுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் மேலதிகாரி வந்தார். நல்ல மனிதர்தான். ஆரஞ்சுப் பழம் வாங்கிவந்தார். ஆனால் முன்னறையைத் தாண்டி வரவில்லை. அத்தை கொடுத்த காபியைக் கையில் பிடித்துக்கொண்டே பேசினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. அங்க எல்லாரும் ஒரே கருவியிலதான் வாய் வச்சிப் பேசறாங்க. அவங்க திரும்பி வந்தா நாங்க லீவு போட்டுடுவோம்னு ரெண்டு மூணு பொண்ணுங்க சொல்றாங்க. பின்னால பெரிய டாக்டருங்க பாத்துட்டு லாயக்கில்லன்னு எழுதிட்டா மனசு கஷ்டம். அவங்களே வுட்டுட்டா கௌரவமா இருக்கும். யோசிச்சுச் சொல்லுங்க."

நைனா எல்லாவற்றுக்கும் ஆங் ஆங் என்று தலையாட்டினார். அவருக்கும் அந்தச் சமயம் கஷ்டம்தான். தைக்கக் கொடுத்த துணியை வெட்டுவதற்கு முன்பே சிலர் திரும்ப வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். கல்யாண ஜாக்கெட்டுகளை எடுத்துப்போன ஒரு வீட்டார், அவசரம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் பக்கத்துக் கடையிலேயே கொடுத்தார்கள்.

மேலதிகாரி போனதும் பின்கட்டிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"காபி குடிச்சாரா?"

 டம்ளர் நிறைய அப்படியே ஜன்னல் திட்டில் இருந்தது.

நைனா அறை வாசலில் வந்து நின்றார். "நீ இன்னா சொல்ற?"

அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தேறாதுன்னா வேலய வச்சிகினு இன்னா பண்ணப்போறேன்? தேறும்னா வேலய வுட்டுட்டு இன்னா பண்ணப்போறேன்? இதுல எதுன்னு யாராவது சொன்னாங்கன்னா நான் பதில் சொல்லிடுவேன்." அதற்குள் இருமல் வந்துவிட்டது.

அப்படியே நாட்கள் போயின. நைனா தினமும் கேட்பதும் அம்மா தினமும் நாளைக்குச் சொல்கிறேன் என்பதுமாக இருந்தது. வீட்டில் யாரும் உரக்கப் பேசவில்லை. ஆபீசிலிருந்து ஆள் வந்துவிடுமோ என்று சைக்கிள் மணி கேட்டாலே நைனா எழுந்து நிற்பார். கடைசியில், சாமியிடம் பூ வைத்துக் கேட்டுவிடலாம் என்றார் அத்தை. அம்மாவும் தடை சொல்லவில்லை. "கேட்டுப் பாருங்க. எனக்கு யோசிச்சு யோசிச்சு சலிச்சுப் போச்சு."

ஒரு இலைப் பொட்டலத்தில் வெள்ளைப்பூ, ஒன்றில் சிவப்புப்பூ. வெள்ளை வந்தால் வேலை இருக்கட்டும், சிவப்பு வந்தால் ராஜினாமா. எந்த நிறத்துக்கு எது என்று சொன்னது நைனா. சிவப்பு முருகனுக்குப் பிடித்த நிறமாயிற்றே என்று எனக்குத் திக்கென்றது.

மறுநாள் காலை நைனா, அத்தை, நான் மூவரும் மலையேறினோம். அர்ச்சகர் இரண்டு பொட்டலங்களையும் சாமி காலடியில் வைத்துவிட்டுத் தட்டில் போட்டு நீட்டினார். குழந்தை கையால் எடுக்க வேண்டும் என்றார்கள். வெள்ளை, வெள்ளை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே கண்ணை மூடி ஒன்றை எடுத்தேன். நைனா பிரித்தார். சிவப்பு அரளி.

எனக்கு அழக்கூட வரவில்லை. என் கையாலேயே அம்மாவை அனுப்பிவிட்டேன் என்று நினைத்தேன். நைனா பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் முகம் லேசானது. அத்தை பூவை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

படி இறங்கும்போது நைனா நிறையப் பேசினார். இனிமேல் கவலையில்லை, இன்றைக்கே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடலாம் என்றார். பிறகு சொன்னார்: "எழுதிக் குடுத்தாச்சுன்னா ஆபீஸ்காரன் இங்க வர வேல இல்ல. அவள நகரி ஊருல அவ அண்ணன் வூட்ல கொண்டுபோய் வுட்டுடலாம்கா. காத்தோட்டமான வூடு. ஒடம்பு தேறட்டும், அப்புறம் போயி அழைச்சிகினு வரலாம்."

அத்தை நின்றுவிட்டார். முட்டி வலி என்று நினைத்து நான் அவர் கையைப் பிடித்தேன்.

"எப்போ அழைச்சிகினு வருவ?" என்றார்.

"தேறினதும்."

"தேறலன்னா?"

"இன்னாக்கா நீ, நல்ல வார்த்த சொல்லு."

அத்தை என் கையை உதறிவிட்டு, எங்களுக்கு முன்னால் விறுவிறுவென்று இறங்கிப் போனார்.  

வீட்டுக்கு வந்தபோது அம்மா எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தலை வாரியிருந்தார். எங்கள் மூவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா வந்துது?"

நைனா வாயெடுப்பதற்குள் அத்தை சொன்னார்: "வெள்ளைதான். அவரே சொல்லிட்டாரு. நீ ஊசியப் போட்டுகினு ஒழுங்கா சாப்புடு. வேல எங்கயும் போகாது."

நைனா அத்தையைப் பார்த்தார்.  வளர்த்த அக்காவை, பெண்டாட்டி எதிரில், சாமி விஷயத்தில் பொய்க்காரி என்று எப்படிச் சொல்வார்?

அம்மா கையை நீட்டினார். "பூவக் குடுங்க அண்ணி, வச்சிக்கிறேன்."

 முந்தானை முடிச்சின் ஓரத்தில் ஒரு சிவப்பு இதழ் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அத்தை அதை இடுப்பில் செருகிக்கொண்டே, "வர்ற வழியில ஒரு கர்ப்பிணிப் பொண்ணு கேட்டா, குடுத்துட்டேன். நீ விபூதி வச்சிக்கோ" என்று சொல்லிவிட்டு, யாரும் போகாத அந்த அறைக்குள் போய், தன் விரலாலேயே அம்மா நெற்றியில் பூசிவிட்டார். அம்மா அவர் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அம்மா அன்றைக்குக் கஞ்சி முழுவதையும் குடித்தார்.

நைனா ஆபீசுக்குப் போய், உடம்பு தேறியதும் வருவாள் என்று சொல்லிவிட்டு வந்தார். லீவு நீண்டது. அம்மா ஒவ்வொரு முறை இருமும்போதும், சாமியை ஏமாற்றியதற்குத் தண்டனை வந்துவிட்டது என்று நான் நடுங்கினேன். யாரிடமும் சொல்ல முடியாது. மலையை நிமிர்ந்து பார்க்கவே பயமாக இருந்தது. பள்ளிக்கூடத்துக்குக் குனிந்துகொண்டே போவேன். டாக்டர் சொன்னபடியே வருடம் தாண்டித்தான் படம் சுத்தமாக வந்தது. வேலைக்குத் திரும்பிய முதல் மாதங்களில் ஆபீசில் அம்மாவுக்கென்று ஒரு கருவியைத் தனியாக ஒதுக்கிவைத்தார்கள். அம்மா அதைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வேலை பார்த்தார். பிறகு அது எப்போது பொதுவில் கலந்தது என்று யாருக்கும் நினைவில்லை.

அம்மா வேலைக்குப் போகத் தொடங்கியதும் அத்தை ஊருக்குக் கிளம்பினார். பஸ் நிலையத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்குத் தைரியம் வந்தது.

"பொய் சொன்னியே அத்த, சாமி கோச்சிக்காதா?"

அத்தை சிரித்தார். "அவரு கோவம் தணிஞ்சு வந்து ஒக்காந்த மலை இதுடி. அதான் தணிகை. இங்க வந்தும் கோச்சிக்கப்போறாரா?"

எனக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது. வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. அத்தைக்கு ஒரு புருஷன் இருந்தார் என்பதோ, கல்யாணமான மறுவருடம் அவர் அத்தையைக் காய்ச்சலோடு அம்மையார்குப்பத்தில் கொண்டுவந்து விட்டு, தேறினதும் வந்து அழைத்துக்கொண்டு போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர் திரும்பவில்லை என்பதோ அப்போது எனக்குத் தெரியாது. அத்தை என்றால் அம்மையார்குப்பத்தில்தான் இருப்பார் என்று நினைத்திருந்தேன். பஸ் புறப்பட்டதும் கையாட்டிவிட்டு, பூ எடுத்த நாளுக்குப் பிறகு முதல்முறையாக மலையை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.