ஒரு குவளை யூரியா

துணியில் அச்சடிப்பது பெரிய வித்தையல்ல. அடித்த நிறம் ஓடாமல் பிடித்து நிறுத்துவதுதான் பாடு. கொச்சி மட்டாஞ்சேரியில் நான் வேலை பார்த்த பட்டறையில் அந்தப் பாடு என்னுடையது. சாயக் கூழில் சோடாவும் யூரியாவும் கலந்து, அச்சடித்து, உலர்த்தி, துணியை ஸ்டீமரில் தொங்கவிட்டு ஆவியில் வேகவைக்க வேண்டும். யூரியா ஆவியின் ஈரத்தை இழுத்துக் கொடுக்கும். அந்த ஈரத்தில் சாயம் கரைந்து நூலுக்குள் போய்ப் பிடித்துக்கொள்ளும். மழைக்காலத்தில் காற்றே ஈரம் என்பதால் யூரியாவைக் குறைக்க வேண்டும். எவ்வளவு என்பது எந்தத் தாளிலும் இல்லை. உலர்ந்த துணியை இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்து நான்தான் சொல்வேன். அந்த இரண்டு விரல்தான் என்னை அங்கே கட்டிப்போட்டது.

கோவையில் வேலை கிடைத்து என் மனைவி மகளை அழைத்துக்கொண்டு போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. எனக்கும் அங்கே ஒரு பட்டறையில் இடம் பேசி வைத்திருந்தாள். என்னை அனுப்பிவிடச் சொல்லி முதலாளி சேச்சியிடம் கேட்கும்போதெல்லாம், "ஈ மழ கழியட்டும் அண்ணா, பின்ன நான் தடுக்க மாட்டேன்" என்பார். அவருடையது மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கும் தமிழ்க் குடும்பம். பேச்சில் பாதி மலையாளம். கெட்ட மனுஷி இல்லை. என் மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுவந்தவர். அதனாலேயே முகத்தை முறித்துக்கொண்டு கிளம்ப முடியவில்லை. ஆனால் கொச்சியில் மழை எப்போது கழிகிறது?

இந்த மாதத்துக்கு மேல் காத்திருக்க முடியாது என்று கோவைப் பட்டறைக்காரர் சொல்லிவிட்டார். அன்று ஒரு காரியம் செய்தேன். யூதர் தெருவான ஜூ டவுனில் கடை ஒன்றுக்கு வாழையிலை அச்சுப் போட்ட திரைச்சீலை. அரைக் குவளைக்குப் பதில் தெரிந்தே ஒரு குவளை யூரியா போட்டேன். ஒரு மணிகூடச் சிந்தவில்லை. அதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது. துணி கெட்டால் இவனுக்குக் கைப்பக்குவம் போய்விட்டது என்று சேச்சியே அனுப்பிவிடுவார் என நினைத்தேன்.

எண்ணியபடியே கெட்டது. ஸ்டீமரைத் திறந்தபோது இலைகளின் ஓரமெல்லாம் கசிந்து பச்சை வெள்ளைக்குள் இறங்கியிருந்தது. சோப்புத் தண்ணீரில் அலசினோம், ஈரத்துணியால் தேய்த்தோம். ஒரு பொட்டும் போகவில்லை. ஆவியில் வெந்துவிட்டால் சரியானதைப் போலவே தப்பும் நிலைத்துவிடும். சேச்சி துணியை மடித்து, ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு ஜூ டவுனுக்குப் போனார். நான் மனசுக்குள் பெட்டி கட்டத் தொடங்கினேன்.

திரும்பி வந்தவர் எனக்குச் சாயாவும் பழம்பொரியும் வாங்கி வந்திருந்தார்.

"கடைக்காரருக்கு பயங்கர இஷ்டம் அண்ணா. மழையில நனஞ்ச எலை மாதிரி உண்டுன்னார். இன்னும் நூறு மீட்டர் இதே போல வேணுமாம். மாசாமாசம் வேணுமாம்."

"அது தப்பு சேச்சி. நான் வேணும்னே யூரியாவக் கூட்டிப் போட்டேன்."

அவர் பழம்பொரியை என் பக்கம் நகர்த்தினார். கோபம் வரும் என்று காத்திருந்தேன், வந்திருந்தால் பிழைத்திருப்பேன்.

"சரி. அந்த அளவும் உங்களுக்கு மட்டுந்தானே அறியும்?" என்றார்.

சாயாவைக் குடிக்க முடியவில்லை. யார் மேல் எரிச்சல்படுவது என்றும் தெரியவில்லை.

மாலையில் மகள் போனில் கேட்டாள்.

"எப்பப்பா வர்ற?"

"மழ நிக்கட்டும் கண்ணு."

அந்தப் பக்கம் ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது.

"இங்க மழையே இல்லியேப்பா" என்றாள்.