தண்டம் கட்டி முடிந்த வழக்கு

எங்கள் உடப்புக் கிராமத்தில் தில்லையம்பலத்தைப் போல லொறி ஓட்டக்கூடியவன் வேறு இல்லை என்று நான் சொன்னால், மைத்துனனுக்காகப் பரிந்து பேசுகிறான் என்பார்கள். சொல்லட்டும். அவன் என் மனைவி தவமணியின் தம்பி. இருபத்திரண்டு வயதிலேயே புத்தளத்து வியாபாரி ஹயாத்து முகம்மது தன் கருவாட்டு லொறியை அவனை நம்பிக் கொடுத்திருந்தார். கற்பிட்டியில் மூட்டை ஏற்றி, பாலாவிச் சந்தியால் திரும்பி, கொழும்புக்கு ஓடுவான்.

அது தொண்ணூற்றேழாம் ஆண்டு, போர்க்காலம். கொழும்பு போய்ச் சேருவதற்குள் எத்தனையோ சோதனைச் சாவடிகள். ஒவ்வொன்றிலும் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, பெயரும் ஊரும் சொல்லி, மூட்டைகளுக்குள் சிப்பாய்கள் இரும்புக் கம்பியைக் குத்திப் பார்க்கும்வரை வெயிலில் நிற்க வேண்டும். கருவாட்டுக்குள் குண்டு தேடிய மகான்கள்! கொழும்பில் மூட்டையை இறக்கும்போது பாதிச் சாக்கு ஓட்டையாக இருக்கும்.

தில்லைக்கு இருந்தது ஒரே ஆசை. வளைகுடாவில் கட்டாருக்குப் போய் அங்கே லொறி ஓட்ட வேண்டும். சம்பளம் மட்டுமல்ல காரணம்.

“அங்க ரோட்டில ஒருத்தனும் இறக்கிவச்சுப் பேர் கேக்க மாட்டானாம், அத்தான்” என்பான். “ஏறினா ஓடிக்கொண்டே இருக்கலாமாம்.”

கஞ்சா விஷயத்தில் அவனுக்காக நான் பொய் சொல்லப் போவதில்லை. அது அவனுடையதுதான். கொழும்பில் லொறிகளை நிறுத்தும் இடத்தில் பழகியது. ஒரு காலை பாலாவிச் சாவடியில், இருக்கைக்கு அடியில் கை விட்ட சிப்பாய் பத்திரிகைத் தாளில் சுருட்டிய பொட்டலம் ஒன்றை எடுத்தான். இரண்டு பீடிக்குக்கூடக் காணாது.

எங்களுக்கு வந்த செய்தி, “தில்லையைப் பிடிச்சிட்டாங்கள்” என்பது மட்டும்தான். தில்லையின் தாய், என் மாமி பூமணி, அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். அந்த ஆண்டுகளில் ஒரு தமிழ்ப் பொடியனைப் பிடித்தார்கள் என்றால், ஏன் என்று யாரும் கேட்பதில்லை. பின்னேரம் முதலாளி ஆள் அனுப்பி, கஞ்சாவுக்குத்தான் பிடித்திருக்கிறார்கள் என்று சொன்னார்.

“கஞ்சாவுக்கோ? வேற ஒண்டுமில்லையே?” என்று திரும்பத் திரும்பக் கேட்ட மாமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். நானும் சிரித்தேன். தவமணி எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றினாள். பிள்ளை கஞ்சாவோடு அகப்பட்டதற்கு ஒரு வீடே சந்தோஷப்பட்ட காலம் அது.

அடுத்த நாள் காலை அவனை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். லொறிக்காரர்களுக்கு நீதிமன்றம் புதிதல்ல. பாரம் கூடினால் வழக்கு, விளக்கு எரியாவிட்டால் வழக்கு. எதுவானாலும் அவர்களுடைய பதில் ஒன்றுதான்: குற்றவாளி. தண்டத்தைக் கட்டினால் மத்தியானத்துக்குள் மறுபடி லொறியில் ஏறலாம். எதிர்த்து நின்றால் வழக்கைத் தள்ளிவைப்பார்கள், தவணைக்குத் தவணை அலைய வேண்டும், ஓட்டமும் போய்விடும். முதலாளியும் அதையேதான் சொல்லி அனுப்பியிருந்தார்: “ஒத்துக்கிட்டு வந்துரு மகன்.” தில்லை ஒத்துக்கொண்டு தண்டத்தைக் கட்டினான். சட்டத்தரணி யாரையும் நாங்கள் பிடிக்கவில்லை. லைசனைக்கூட அவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அத்தோடு முடிந்தது என்று நினைத்தோம்.

அடுத்த ஆண்டு கட்டார் விசா வந்தது. ஏஜென்சிக்காரன் பொலிஸ் றிப்போட் கேட்டான். விண்ணப்பித்தோம். வந்த றிப்போட்டில் அந்த வழக்கு இருந்தது. ஏஜென்சிக்காரன் அதைப் பார்த்துவிட்டு, கடவுச்சீட்டை மேசைமேல் வைத்து எங்கள் பக்கமாகத் தள்ளினான். போதைப்பொருள் வழக்கு உள்ளவனை எந்தக் கம்பெனியும் எடுக்காது என்றான்.

நான் விடவில்லை. புத்தளத்தில் இஸ்ஸதீன் என்ற சட்டத்தரணியிடம் தில்லையை இழுத்துக்கொண்டு போனேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தார்.

“பாரம் கூடின கேஸும் இதுவும் ஒண்டா, தம்பி? அது தண்டத்தோட போகும். இது கைரேகையோட பதிவாகி நிக்கும். சாமானைப் பகுப்பாய்வுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கலாம். முதல் குற்றம், சின்ன வயசு, துளி அளவு. தீர்ப்பு எழுதாம எச்சரிச்சு விடச் சொல்லியும் கேட்டிருக்கலாம். நீங்களே குற்றவாளி எண்டு சொன்ன பிறகு நான் இப்ப என்னத்தைச் செய்ய?”

வெளியே வந்ததும் எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. நடுத்தெருவில் வைத்து அவனைப் பிடித்து ஏசினேன். வாய் இருக்கிறதே, ஒரு நாள் பொறுத்திருந்தால் என்ன, ஒரு தவணை போட்டிருந்தால் தலையா போயிருக்கும், உன் வாழ்க்கையை உன் கையாலேயே கெடுத்துக்கொண்டாயே என்று என்னவெல்லாமோ சொன்னேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். என் கோபம் நியாயமானது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

தில்லை தலை குனிந்து எல்லாவற்றையும் கேட்டான். பிறகு, இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னான்.

“அண்டைக்கு ராத்திரி அந்தப் பொலிஸ் கூட்டுக்குள்ள நான் மட்டும் இருக்கேல்ல, அத்தான். வவுனியாப் பொடியன் ஒருத்தனும் இருந்தான். இரத்தினம் எண்டு பேர். என்ர வயசுதான். சந்தேகத்தில பிடிச்சதாம். அவன்ட பையில ஒண்டும் இருக்கேல்ல. ஒண்டுமே இல்லை. அதனால அவனுக்குக் கேஸும் இல்லை, கோர்ட்டும் இல்லை. எத்தனை நாளா இருக்கிறான் எண்டு அவனுக்கே மறந்துபோச்சு. தவணை போட்டா என்னைத் திரும்பவும் அங்கதான் கொண்டுவருவாங்கள் எண்டு நினைச்சன். அதுதான் நீதவான் கேட்டு முடிக்க முந்தியே ஓம், குற்றவாளிதான் எண்டன்.”

நான் அவனைத் தெருவோர நிழலுக்குக் கூட்டிப்போனேன்.

“காலையில என்னைக் கோர்ட்டுக்குக் கூப்பிட்டாங்கள். அவன் எழும்பி இடம் விட்டான். உனக்கு என்ன கேஸ் எண்டு கேட்டான். கஞ்சா எண்டன். என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு, நீ குடுத்துவச்சவன்டா எண்டான்.”