சுண்ணாம்புக் குழியில் இரண்டு நிமிஷம்

அன்றைக்குத் தோல் பதனிடுகிற மண்டியில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். தோல் ஊறுகிற சுண்ணாம்புக் குழிக்குள் அப்பா. குழிக் கரையில் சித்தப்பா. ஆவாரம்பட்டை இடிக்கிற கொட்டகையில் அத்தை, அப்பாவுக்கு அக்கா. கையில் பிரம்போடு மேஸ்திரி. வாசல் பக்கம் முதலாளி. அவர் பக்கத்தில், மதராசிலிருந்து தோல் வாங்க வந்திருந்த வெள்ளைக்காரத் துரை. கூழ்ச் சட்டியோடு நான். மற்ற ஆட்களும் இருந்தார்கள். அவர்கள் வாய் திறக்கவில்லை. அதனால் அவர்களைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

ஊர் ஆம்பூர். வெள்ளைக்காரர் ஜெர்மன்காரனோடு போட்ட பெரிய சண்டை முடிந்து ஏழாம் வருஷம். எனக்கு எட்டோ ஒன்பதோ.

தேதி நவம்பர் பதினொன்று. சண்டை நின்ற தேதி அது. எங்கள் அம்மா செத்ததும் அதே வருஷம், அதே நாள். சீமையில் பீரங்கியை நிறுத்திய அன்றைக்கு ஆம்பூரில் விஷக்காய்ச்சலில் அம்மா போனாள். தூக்க ஆள் கிடைக்காமல் பிணங்கள் வீட்டுக்குள்ளேயே கிடந்த மாசம் அது என்பார்கள். எனக்கு அம்மா முகம் தெரியாது.

அந்தத் தேதியில், சண்டையில் செத்த சிப்பாய்களுக்காகப் பதினோரு மணிக்கு இரண்டு நிமிஷம் பேசாமல் அசையாமல் நிற்பது வெள்ளைக்காரர் வழக்கம். சர்க்கார் கச்சேரியில் நிற்பார்கள். ரயிலைக்கூட நிறுத்துவார்கள். எங்கள் மண்டியில் அதெல்லாம் கிடையாது. அந்த வருஷம் பார்த்துத் துரை அன்றைக்கு ஆம்பூரில் இருந்தார். அவர் சரக்கு எடுத்தால்தான் முதலாளிக்கு வியாபாரம். அதனால் உத்தரவு போட்டார்கள். மணி அடித்ததும் யார் எங்கே இருக்கிறார்களோ அங்கேயே சிலையாக நிற்க வேண்டும். மறு மணி அடிக்கும்வரை சத்தம் போட்டவன் மறுநாள் வேலைக்கு வர வேண்டாம்.

அப்பா வருஷா வருஷம் அந்தத் தேதியில் காலை வேலைக்குப் போகமாட்டார். அம்மா கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு மத்தியானம் போவார். அந்த வருஷமும் போய்க் கேட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மேஸ்திரி, அரை நாளுங்க. பாப்பாவ இட்டுக்கினு கல்லறைக்குப் போய்ட்டு வந்துடறேன்."

"போன வாரந்தான கல்லறைத் திருநாள்னு போன? உம் பொண்டாட்டி வாரா வாரம் சாவறாளா?"

அப்பா அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாடா மொறைக்கிற? பதினோரு மணிக்கு மொதலாளி, துரை, சீமையில ராஜா, அல்லாரும் உம் பொண்டாட்டிக்குத்தான் கைகட்டி நிக்கப் போறாங்க. இதுக்கு மேல இன்னா ஓணும் உனக்கு? எறங்குடா குழில."

ஆட்கள் சிரித்தார்கள். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

நான் சிரிக்கவில்லை. நம்பிவிட்டேன். வீட்டுக்கு ஓடித் தலையை வாரிக்கொண்டேன். ஈஸ்டருக்கு எடுத்த பாவாடையைக் கட்டிக்கொண்டேன். கூழை எடுத்துக்கொண்டு பதினோரு மணிக்கு முன்னால் மண்டிக்கு வந்துவிட்டேன்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். சுண்ணாம்புக் குழிக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு பானையில் கிணற்றுத் தண்ணீர் மூடி வைத்திருக்கும். அதை யாரும் குடிக்கமாட்டார்கள். கை கழுவமாட்டார்கள். அது கண்ணுக்கு என்று வைத்தது. ஒருவன் கண்ணில் சுண்ணாம்பு தெறித்தால், பார்த்தவன் 'கண்ணு!' என்று கத்துவான். கிட்ட இருக்கிறவன் கையில் உள்ளதைப் போட்டுவிட்டு ஓடிவந்து ஊற்றுவான். பேச்சுவார்த்தை இல்லாதவனாக இருந்தாலும் ஊற்றுவான். குழிக்குள் இருக்கிறவன் கையெல்லாம் சுண்ணாம்பு. அவன் கண்ணை அவனே தொட முடியாது. அந்தக் கத்தலை நம்பித்தான் ஒவ்வொருவனும் குழியில் இறங்குவான். அதை எந்த மேஸ்திரியும் அதுவரை தடுத்ததில்லை.

மணி அடித்தது.

அப்போது ஒரு எருமைத் தோல் பாதி மேலே வந்திருந்தது. கீழிருந்து அப்பா தாங்கிக்கொண்டிருந்தார். கரையிலிருந்து சித்தப்பா இடுக்கியால் இழுத்துக்கொண்டிருந்தார். ஊறின எருமைத் தோல் என்ன கனம் இருக்கும் என்று தூக்கினவனுக்குத் தெரியும். அதை மேலே இழுக்கலாம், இல்லை கீழே விடலாம். நடுவில் பிடித்துக்கொண்டு சும்மா நிற்க முடியாது. அவர்கள் நின்றார்கள். சித்தப்பா கையிலிருந்து இடுக்கி நழுவியது. தோல் தொப்பென்று குழிக்குள் விழுந்தது. அப்பா முகம் முழுக்க வெள்ளை.

அப்பா கத்தவில்லை. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, முகத்தைக் கீழே தொங்கவிட்டு, மூக்கால் ஒரு சத்தம் விட்டார். சித்தப்பா பானையைப் பார்த்தார். பிறகு மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி பிரம்பைத் தூக்கி, மறு கையால் உதட்டில் விரல் வைத்தான். சித்தப்பா நின்றுவிட்டார். எல்லோரும் நின்றார்கள்.

நான் துரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். குழி அவருக்குத் தெரியாது. முன்னால் ஆட்கள் மறைத்திருந்தார்கள். அவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்திருந்தார். செத்த சிப்பாய்களின் ஞாபகமாக வெள்ளைக்காரர் அன்றைக்குக் குத்திக்கொள்கிற சிவப்புத் துணிப் பூ ஒன்று கோட்டில் இருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. எங்கள் அம்மாவுக்காகத் துரையே அழுகிறார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"கண்ணு! டேய், கண்ணுடா! கண்ணு!"

அத்தை. உலக்கையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். மேஸ்திரி பானைக்கு முன்னால் போய் நின்று அவள் வாயைப் பொத்தினான். அத்தை அவன் கையைக் கடித்தாள். அவன் விடவில்லை. இன்னொரு ஆளும் வந்து அவள் தலைமயிரைப் பிடித்தான். பாருங்கள், அவளைப் பிடிக்க அசையலாம். தண்ணீர் ஊற்ற அசையக்கூடாது.

எனக்கு அத்தை மேல் வந்த கோபம் கொஞ்சம் இல்லை. ஊரே அம்மாவுக்காக நிற்கிறது, இவள் கெடுக்கிறாளே என்று பல்லைக் கடித்தேன்.

மறு மணி அடித்தது. சித்தப்பா குழிக்குள் குதித்து அப்பாவை இழுத்து மேலே போட்டார். அத்தை பானையைக் கவிழ்த்தாள்.

"தொற தம்பி. தொறடா கண்ண."

"தொறந்துதாங்க்கா இருக்கேன்."

மேஸ்திரி கையை உதறிக்கொண்டு, "கடிச்சிட்டா, நாயி" என்றான்.

"நாயி கொரைக்கும்டா. நீ அதுக்கும் கீழ. கொரைக்க வந்தவ வாயப் பொத்துன."

துரை என்ன சத்தம் என்று முதலாளியைக் கேட்டார். முதலாளி இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அது என்ன என்று பிறகு தெரிந்தது. 'அந்தப் பெண்ணின் புருஷன் சண்டையில் செத்துப்போனான், துக்கம் தாங்காமல் கத்திவிட்டாள்.' அத்தையின் புருஷன் அந்த நேரம் ரயிலடிப் பக்கம் சாராயக் கடையில் இருந்தான். துரை அத்தை பக்கம் திரும்பித் தலை குனிந்தார். என் பாவாடையைப் பார்த்தாரோ என்னவோ, போகிற வழியில் கோட்டிலிருந்த பூவை எடுத்து என் கையில் கொடுத்தார். குழிப் பக்கம் போகவில்லை. வண்டியேறிப் போய்விட்டார்.

சித்தப்பா அப்பாவைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு முன்னால் போனார். அத்தையும் நானும் பின்னால். பாதி வழியில் என் கையைப் பார்த்த அத்தை, பூவைப் பிடுங்கிக் கசக்கிச் சேற்றில் போட்டு மிதித்தாள்.

நான் அழுதேன். "அது அம்மாவுக்கு! கல்லறையில வைக்கறதுக்கு! நீதான் கத்திட்ட. அம்மாவுக்கு அல்லாரும் நின்னாங்க, நீ கத்திட்ட!"

அத்தை அடிப்பாள் என்று ஒதுங்கினேன். அடிக்கவில்லை.

"யாருடி சொன்னது, அம்மாவுக்குன்னு?"

"மேஸ்திரி."

அத்தை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். வந்த வழியே மண்டிக்குத் திரும்பி நடந்தாள். நடை இல்லை, ஓட்டம். சித்தப்பா அப்பாவை ரோட்டில் விட்டுவிட்டு அவளைப் பிடிக்க ஓடினார். அப்பா நின்ற இடத்திலேயே, "இன்னா ஆச்சு? இன்னா ஆச்சு?" என்று காற்றில் கையைத் துழாவினார். நான் போய்ப் பிடித்துக்கொண்டேன். தன் தம்பி கண்ணுக்கு வராத வெறி அத்தைக்கு இந்த ஒரு பேச்சுக்கு ஏன் வந்தது என்று எனக்குப் புரியவில்லை. மேஸ்திரி உண்மையைத்தானே சொன்னார்?

அத்தைக்கு அன்றோடு வேலை போயிற்று. ஊரில் எல்லோருக்கும் ஒரு தேதிக்கு ஒரு துக்கம் இருக்கும். எங்கள் வீட்டுக்கு அந்த ஒரே தேதியில் மூன்று: அம்மா, அப்பாவின் கண், அத்தையின் வேலை.

மறுநாள் ரயிலேறி வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் இமையைத் தூக்கிப் பார்த்தார். வலது கண் போய்விட்டது, இடது கண்ணில் கொஞ்சம் வெளிச்சம் தெரியும் என்றார்.

"உடனே தண்ணி ஊத்தலையாப்பா?"

"மணி அடிக்கலீங்க" என்றார் அப்பா.

டாக்டருக்கு அது விளங்கவில்லை. திருப்பிக் கேட்கவும் இல்லை.

எனக்கு அங்கே பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. என் கணக்கில் அப்பா கிழவர். கிழவர்களுக்குக் கண் தெரியாது. கையைப் பிடித்துக் கூட்டிப் போக நான் இருக்கிறேன். வெளியே, சீட்டு எழுதுகிறவர் தலையைத் தூக்காமல் அப்பாவின் வயதைக் கேட்டார்.

"இருவத்தொம்போது."