கப்பலில் இறைத்த தண்ணீர்

மற்ற ஹாஸ்டல் வார்டன்களுக்குப் பையன்களைக் கட்டி மேய்த்தால் போதும். கடற்படை கேடட் பள்ளி வார்டன் என்றால், கீழ்வேளூர்ப் பக்கம் வயலுக்கு நடுவே நிற்கும் ஒரு மாடிக் கட்டடத்தைக் கப்பல் என்று நம்பவும் வேண்டும். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டு விழிக்கும் சக வார்டன்களே, நீங்கள் சிரிக்க மாட்டீர்கள் என்ற தைரியத்தில் சொல்கிறேன்: நான் கப்பல் ஏறியதே இல்லை. ராமேஸ்வரத்தில் படகில் ஏறி, ஐந்தாவது நிமிடமே இறங்கிவிட்டவன்.

புறப்படும் நேரம்

எங்கள் தலைமை அதிகாரியை எல்லோரும் கேப்டன் என்போம். கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சட்டப்படி இங்கே தரை கிடையாது, ‘டெக்’தான். கேட்டைத் தாண்டினால் கரை. பால்காரர்கூட உள்ளே வர கப்பலேற அனுமதி கேட்க வேண்டும்.

ஏழாம் வகுப்பில் சேர்ந்த கதிரவனைக் கொண்டுவந்து விட, அவன் அப்பா முருகேசன் குடவாசல் பக்கத்திலிருந்து வந்திருந்தார். சம்பா சாகுபடி செய்கிறவர். கேப்டன் கட்டடம் முழுக்கச் சுற்றிக்காட்டிக் கப்பல் சட்டங்களை அரை மணி நேரம் விளக்கினார். முருகேசன் கைகட்டி, தலையாட்டிக் கேட்டுவிட்டு, கடைசியில் பணிவாக ஒன்று சொன்னார்:

“எல்லாம் புரிஞ்சுதுங்க. எப்ப கெளம்பும்னு மட்டும் சொன்னீங்கன்னா, பையனோட அம்மாகிட்ட சொல்லிடுவேன்.”

சனிக்கிழமை வெள்ளம்

கப்பலுக்குள் தண்ணீர் புகுந்தால் என்ன செய்வது? அதற்கு எங்களிடம் ஒரு டீசல் பம்பு உண்டு. சனிக்கிழமை தவறாமல் சிமென்ட் தொட்டியை நிரப்புவோம். கேப்டன் விசில் ஊதுவார். பையன்கள் பம்பைத் தள்ளிக்கொண்டு ஓடி, தொட்டித் தண்ணீரைச் சுவருக்கு அந்தப் பக்கம் இறைப்பார்கள். கப்பல் பிழைத்துவிடும்.

சுவருக்கு அந்தப் பக்கம்தான் எங்கள் சமையல் மாஸ்டர் ஜமால் பாய் மோர்மிளகாய் காயவைக்கும் இடம். நாகூர்க்காரர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். நனைந்த மிளகாயைத் தட்டில் அள்ளிவந்து என்னிடம் காட்டினார்.

“கப்பலு மூழ்காம இருந்தா சந்தோசம்தான் சார். வாராவாரம் என் மொளவாதான் மூழ்குது.”

கன்னத்தில் கை

கார்த்திகையில் மழை பிடித்தது. விடாத மழை. நான்காம் நாள் மதியம் கதிரவன் தட்டில் கை வைக்காமல், கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்பார்கள். எங்கள் பள்ளியில் அப்படி உட்கார்ந்தால் கேப்டனுக்கே பயம் வந்துவிடும் என்று கேலி செய்தேன். பையன் சிரிக்கவில்லை.

காலையில் அவன் அப்பா என் போனில் அவனோடு பேசியிருந்தார். தூர் கட்டிக் கிளைத்த பயிர் முழுக்கத் தண்ணீருக்குள். போன வருஷமும் இப்படித்தான் போயிற்றாம். இந்த வெள்ளாமையும் போனால் பையனைக் கூட்டிக்கொண்டு போய்விடுவதாகச் சொல்லிவிட்டார். கப்பற்படை என்றால் உயிரை விடுகிற பையன். லீவு வேண்டுமா என்று கேட்டேன்.

“லீவு வேணாம் சார். இன்னும் ரெண்டு நாள் தண்ணி நின்னா பயிரு அழுகிடும். அந்தப் பம்பு மட்டும் வேணும் சார்.”

வெளியே எது?

கேப்டனிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: டீசல் இருக்கிறதா? மறுநாள் மழை கொஞ்சம் விட்டதும் பள்ளி வேனில் பம்பு, பெரிய பையன்கள், கதிரவன், நான். கேப்டன் முன் சீட்டில் வெள்ளை உடுப்போடு.

முருகேசனின் வயல் வரப்பில் பம்பை இறக்கி வைத்ததும் கேப்டன் விசில் ஊதினார். தண்ணீர் சும்மா பீறிட்டது. பையன்கள் கத்தினார்கள், நானும் கத்தினேன். முருகேசன் மட்டும் என்னவோ சொல்ல வாயெடுத்தார். யார் காதிலும் விழவில்லை. அதற்குள் அடுத்த வயலிலிருந்து ஓர் அம்மா, புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் வேகமாக வந்தார். பெயர் ராசாத்தி. நாங்கள் இறைத்ததெல்லாம் அவர் பயிர்மேல் விழுந்துகொண்டிருந்தது. நேராகக் கேப்டன் முன்னால் வந்து நின்றார்.

“ஏங்க கப்பல்காரரே, ஒங்களுக்கு வெளியில கடலு. எங்களுக்கு வெளியில அடுத்தவன் வயலுங்க!”

தாமரை

கேப்டன் பம்பை நிறுத்தச் சொன்னார். தொப்பியைக் கழற்றி, தண்ணீர் எங்கேதான் போக வேண்டும் என்று அந்த அம்மாவிடமே கேட்டார். அவர் கைகாட்டிய வடிகால் வாய்க்கால் முழுக்க ஆகாயத்தாமரை. குழாய்ப் பாலத்தடியில் இறுக்கமாக அடைத்திருந்தது.

கப்பல் கயிறு இழுக்கப் பழகிய கைகள் அல்லவா! ஒரு பக்கம் பையன்கள், மறுபக்கம் ஊர்க்காரர்கள். ராசாத்தி அம்மா இடுப்பளவு தண்ணீரில் நின்று, எதை முதலில் அறுக்க வேண்டும் என்று அதட்டிக்கொண்டிருந்தார். கேப்டனின் வெள்ளை உடுப்பு களிமண் நிறமாயிற்று. சாயங்காலம் அடைப்பு விட்டபோது வாய்க்கால் இரைந்துகொண்டு ஓடியது. கதிரவன் கரையில் உட்கார்ந்து அழுதான்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை முருகேசன் பள்ளிக்கு வந்தார். பையனை அழைத்துப் போகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவரோ பயிர் முக்கால்வாசி தேறிவிட்டது, பையன் இங்கேயே படிக்கட்டும் என்றார். சொல்லிவிட்டும் போகாமல் நின்றார். என்ன என்று கேட்டேன்.

“ராசாத்தி அக்கா அது பேரனையும் சேத்துக்குவீங்களான்னு கேட்டுச்சு. நீச்சல் சுமாராத்தான் தெரியுமாம். ஆனா வாய்க்கா நல்லா வெட்டுவான்னு சொல்லச் சொல்லுச்சுங்க.”

ஆக, இந்தக் கப்பல் கடலுக்கு எத்தனை மாலுமிகளைக் கொடுக்குமோ தெரியாது. குடவாசல் வடிகால்களுக்கு இனி ஆள் பஞ்சம் வராது.